தடிப்பு

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
போன் திருத்தும் என் கடைக்கு
உரப்பையில் சுற்றி வந்தது.
"என்ன மேக் அக்கா?" என்றான் நிரோஜன்.
பதினாலாயிரம் கொடுத்திருக்கிறான்.
பாண் கடனுக்கு யாரோ விட்டுப்போனதாம்.
பேக்கரி லயனல் நாலு வருடம்
அடுப்புச் சுவரில் கொழுவி வைத்திருந்தாராம்.
யப்பான் சாமான் என்று சத்தியமும் பண்ணினாராம்.

தலையில் பேர் இல்லை.
பேர் இருந்த இடத்தை
உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.
திருட்டோ, வெட்கமோ,
மரம் சொல்லாது.

கழற்றினேன்.
மேலே கறுப்பு. கறுப்புக்குக் கீழே சிவப்பு.
வயர் ஓடும் குழிக்குள், தூரிகை எட்டாத மூலையில்,
பள்ளிக்கூட வாங்கின் நீலம்.
ஸ்க்ரூ துளைக்குள் வெளிச்சம் அடித்தால்
அடுக்கடுக்காய் ஒட்டுப்பலகை.
கழுத்து வேறு வீட்டுப் பிள்ளை:
நாலு துளையில் இரண்டைத்
தீக்குச்சியால் அடைத்து மறுபடி துளைத்திருக்கிறார்கள்.
கம்பிகள் ஏறிக் கடக்கும் மேட்டில்
எலும்பு இல்லை,
பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடி. இன்னும் பச்சை.
ஆறு வெட்டும் மயிரிழை பிசகாமல்.

முதல் மூன்று ஃப்ரெட் எல்லாருக்கும்தான் தேயும்.
இதில் பதினைந்தாவது,
இரண்டாம் கம்பிக்குக் கீழே மட்டும்,
அம்மி போலக் குழிந்திருந்தது.
அக்கம்பக்கத்து ஃப்ரெட்டெல்லாம் புதுசு.
ஒரே ஓர் இடத்துக்கு ஏறி
அங்கேயே கம்பியை வளைத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.
அல்லது நின்றிருக்கிறாள்.
முதுகில் பெல்ட் கொளுக்கி கீறிய தடமே இல்லை.
முன்கை படியும் மேல் ஓரத்தில்
மூன்று நிறமும் போய் வெறும் பலகை.

சத்தப் பித்தானைத் திருகினால்
தகரத்தில் மழை.
ஸ்பிரே அடித்து முப்பது தரம் திருகினேன், மழை விட்டது.
இரைச்சல் விடவில்லை.
கம்பியைத் தொட்டால் அடங்க வேண்டும்.
அடங்கவில்லை.
பாலத்துக்குப் போகிற எர்த் வயர்
பச்சை பூத்து அறுந்து கிடந்தது.
இந்த ஊர் ஈரத்தில் செம்பு எத்தனை நாள் தாங்கும்!
ஈயம் உருகும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
டிக்கோயாப் பக்கம் மரம் விழுந்ததாம்.

கழுத்து பனியைக் குடித்து முன்னால் வளைந்திருந்தது.
உள்ளே ஓடும் இரும்பைக் கால் சுற்று முறுக்கி
இரவு முழுக்க விட்டேன்.
காலையில் இன்னொரு கால்.
மூன்றாம் நாள் நிமிர்ந்தது.

பதினைந்தாவதை அப்படியே விடலாமா என்று
ஒரு நிமிடம் நினைத்தேன்.
கம்பி அதிர்ந்து இரைந்தது.
பிடுங்கிப் புதுசு அடித்தேன்.

சொல்ல மறந்துவிட்டேன்:
கழுத்தைக் கழற்றிய அன்று
பொருத்திலிருந்து ஒரு தாள் விழுந்தது.
நாலாய் மடித்த சம்பளத் துண்டு.
தோட்டத்தின் பெயர் வேர்வையில் அழிந்திருந்தது.
வேலை: பதினேழு பேர்.
கழிவு: அரிசி, மா, கோயில், சங்கம், முற்பணம்.
கையில் எவ்வளவு என்ற வரி
மடிப்போடு கிழிந்து போயிருந்தது.
பேர் இல்லாத சாமானுக்குள்
பதினேழு பேர்.

குப்பையில் போட்டேன்.
பதிலுக்கு ரீலோட் கார்ட்டை வெட்டி வைத்தேன்.
தடிப்பு. கம்பி இறங்கி ஃப்ரெட்டில் இடித்தது.
கல்யாணக் கார்ட் காணாது,
கம்பி உயர்ந்து விரல் நொந்தது.
கூடையைக் கவிழ்த்தேன்.
தேயிலைச் சண்டுக்கும் உடைந்த டிஸ்பிளேக்கும் நடுவே தேடி
பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.
சரி.

வெள்ளிக்கிழமை வந்தான்.
கடை ஸ்பீக்கரில் குத்தி
தெரிந்த ஒரே கோட்டை வாசித்தான்.
கையை எடுத்தான், மெல்லிய இரைச்சல்.
கையை வைத்தான், அமைதி.
எடுத்து வைத்து, எடுத்து வைத்து,
கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தான்.

"மேக் கண்டுபிடிச்சீங்களா?"
பில்லில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
மூவாயிரத்து ஐந்நூறு.
முந்நூறு குறைக்கச் சொன்னான். குறைத்தேன்.
"கழுத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு தாள் இருக்கும்,
எறிஞ்சிராதே.
உயரம் அதிலதான் நிக்குது."
"என்ன தாள்?"

பொகவந்தலாவ பஸ் ஹோர்ன் அடித்தது.
கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.
உரப்பை இன்னும் மேசைக்கடியில் கிடக்கிறது,
யூரியா வாடையோடு.